காசிக்கா, மெட்ராஸுக்கா என்று கிடாயைக் கேட்ட கதை

கண்ணாத்தாளுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது காசிதான். மற்றபடி எதற்கும் அசைகிற ஆளில்லை. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், கைப்பிள்ளையை வேப்பமரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுத் தானே மாடு ஓட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்தாள். பங்காளிகள் வரப்பைத் தள்ளிப் போட வந்தபோது மண்வெட்டியோடு வரப்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும் வரை எழுந்திருக்கவேயில்லை, வந்தவர்கள்தான் எழுந்து போனார்கள். அப்பேர்ப்பட்டவள் காசி என்ற பேரைக் கேட்டால் மட்டும் வாயடைத்துப் போவாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் மாமனார் சின்னுசாமிக் கவுண்டர் காசிக்குப் போனவர், போனவர்தான். இரண்டு வருஷம் வழி பார்த்துவிட்டுக் கருமாதி செய்தார்கள்.

தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளை கந்தவேல், திருச்சியில் கணக்குப் பாடம் எடுத்து பி.ஏ. முதல் வகுப்பில் தேறினான். திருச்செங்கோட்டுக்கு மேற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு படித்தவன் வேறு யாருமில்லை. அதோடு விட்டானா? எம்.ஏ. படிக்கவேண்டும் என்று இரண்டு சர்வகலாசாலைகளுக்கு எழுதிப் போட்டான். ஒன்றாவது வராதா என்று தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, 1936ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டும் வந்து சேர்ந்தன.

காகிதங்களை எடுத்துக்கொண்டு, அம்மா கவலை ஓட்டிக்கொண்டிருந்த கிணற்றுமேட்டுக்கு ஓடினான்.

“அம்மா, ரெண்டு எடத்துலயும் சேத்துக்கறோம்னு எழுதிட்டாங்க!”

“ஏஞ்சாமி! நெசமாவா? எந்தெந்த ஊரு?”

“ஒண்ணு மெட்ராஸுங்க. இன்னொண்ணு...” அவன் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். “காசிங்க.”

கண்ணாத்தாள் கையில் இருந்த கயிறு நழுவியது. மாடு பின்வாங்கி, பாதி ஏறிய தண்ணீர்ச் சால் தடாலென்று கிணற்றுக்குள் விழுந்தது.

“மெட்ராஸுக்கே போ” என்றாள்.

“சரிங்கம்மா” என்றான் அவன், உடனே.

அந்த உடனேதான் அவளை உறுத்தியது. ஒரு வாய்ச் சோறு அதிகம் தின்னச் சொன்னாலே ஒன்பது நியாயம் பேசுகிற பையன்! அன்று சாயங்காலம் அவள் எருமைக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கும்போது, வாசலில் அவன் தன் மாமன் தங்கமுத்துவிடம் பேசுவது காதில் விழுந்தது.

“காசிக்கு எல்லாச் சீமையில இருந்தும் கணக்குல கெட்டிக்காரங்க வருவாங்களாமுங்க மாமா. நான் நெசமாவே கெட்டிக்காரனா, இல்ல நம்மூருக்கு மட்டுந்தானான்னு அங்க போனாத் தெரிஞ்சுபோகும். சரி, உடுங்க. மெட்ராஸும் பெரிய எடந்தான்.”

தங்கமுத்துவுக்கு மெட்ராஸ்தான் வேண்டும். அவருடைய தென்னந்தோப்பு வழக்கு ஏழு வருஷமாக ஹைகோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. மருமகன் அங்கேயே இருந்தால் வாரத்துக்கொரு தரம் வக்கீலைத் தட்டி எழுப்பிவிடுவான் என்று அவர் கணக்கு. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? காசியிலும் இடம் கிடைத்த சேதி பரவியதோ இல்லையோ, ஆளுக்கொரு செம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கங்கைத் தண்ணீர் வேண்டுமாம்! மூன்றே நாளில் கண்ணாத்தாள் வீட்டு நடையில் பதினேழு செம்பு சேர்ந்துவிட்டது. மகனைப் படிக்க அனுப்புகிறோமா, தண்ணீர் சுமக்க அனுப்புகிறோமா என்று அவள் கத்தினாள். ஒருத்தரும் செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை.

கடைசியில் தங்கமுத்துதான் வழி சொன்னார். “அம்மிணி, ஆளாளுக்குப் பேசி ஆவறதில்ல. கருப்பண்ணசாமிகிட்டக் கெடாய உட்டுக் கேட்டுரலாம். சாமி சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல.”

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். கிடாய்க்கு மாலை போட்டுச் சாமிமுன் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று தரம் ஊற்றுவதற்குள் கிடாய் உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சரியென்று சொல்லிவிட்டது. துளுக்காவிட்டால் இல்லை.

கண்ணாத்தாள் உடனே ஒப்புக்கொண்டாள். அவள் மனசுக்குள் இருந்தது வேறு. வயசெல்லாம் ஆடு வளர்த்தவள் அவள். முதுகில் ஒரு குடம் ஊற்றினாலும் சில கிடாய் அசையாது, காதுக்குள் ஒரு கை தண்ணீர் போனால் எந்தக் கிடாயும் உதறாமல் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். சாமியை ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. புருஷனை எடுத்துக்கொண்ட சாமி, மாமனாரை எடுத்துக்கொண்ட சாமி, இதிலாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

புதன்கிழமை காலையில் ஊரே கோயிலில் கூடிவிட்டது. பூசாரி பெரியசாமி செம்பை எடுத்தார். கண்ணாத்தாள் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

“தண்ணி நான் ஊத்தறனுங்க. வேண்டுதலை.”

“பெத்தவ ஊத்துனா வேண்டாம்னா சொல்லப் போவுது சாமி? ஊத்து, ஆத்தா” என்றார் பூசாரி. பிறகு குரலை உயர்த்தினார். “கருப்பா! புள்ள மெட்ராஸுக்குப் போலாம்னா ஒரு உத்தரவு குடு!”

கண்ணாத்தாள் செம்பைக் கிடாயின் காதுக்கு நேரே கொண்டுபோனாள். அப்போதுதான் மகனைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு, உதடு துடிக்க நின்றான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, மாடு மேய்க்க விடுவதா என்று ஆறு வயதில் அவனை வைத்துக்கொண்டே பங்காளிகள் பேசியபோதும் இப்படியேதான் நின்றான். அன்றைக்குப் படிக்கட்டும் என்று சொன்னவள் அவள்தான்.

அவள் கை தானாக நகர்ந்தது. தண்ணீர் கிடாயின் இடுப்பில் விழுந்தது. கிடாய் வேப்பிலையை மென்றுகொண்டு நின்றது. இரண்டாம் தரமும் இடுப்பு, மூன்றாம் தரம் வால்.

“ஏம்மிணி, கெடாய்க்குக் குண்டியக் கழுவறயா?” என்று தங்கமுத்து எரிந்து விழுந்தார்.

“சாமிக்குப் புடிக்கல, உடுங்கண்ணா” என்றாள்.

பூசாரி மறுபடி கூவினார். “கருப்பா! காசிக்குப் போலாம்னா உத்தரவு குடு!”

கண்ணாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, செம்பைச் சாய்த்து, காதுக்குள்ளேயே ஊற்றினாள். அடேயப்பா! கிடாய் தலையிலிருந்து வால் வரை உதறிய உதறலில் பூசாரி, தங்கமுத்து, முன்வரிசை முழுக்க மஞ்சளாகிப் போனது. ஜனம் குலவை போட்டுக் கூத்தாடியது. பதினேழு செம்புக்காரர்களின் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? வேட்டியை உதறிக்கொண்டே தங்கமுத்துவும் சிரித்துவிட்டார். “என்ற தோப்புக் கேசு இன்னும் கொஞ்ச நாள் தூங்கட்டும், போ” என்றார்.

மத்தியானம் எல்லோரும் கறிச்சோறு தின்றுகொண்டிருக்கும்போது கந்தவேல் அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினான்.

“காதுல ஊத்துனீங்கல்ல? கடைசியாக் கண்ணத் தொறந்து பாத்துட்டனுங்க.”

“ஆமா, ஊத்துனேன். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்” என்றாள். “மொதல்ல மெட்ராஸுக்குக் கேட்டப்ப அப்புடி நின்னு கும்பிட்டயே, காசிக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா என்னடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“காசிக்குக் கும்பிடலைங்கம்மா. கெடாய் மெட்ராஸுக்கே துளுக்கிரணும்னு கும்பிட்டேன். நீங்க இங்க தனியாக் கெடந்து பயந்துக்குவீங்கல்ல?”

கண்ணாத்தாள் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. பிறகு அந்தச் சோற்றை அவன் வாயில் வைத்தாள்.

“எனக்கு இனிப் பயமில்ல சாமி. எங்க போனாலும் நீ எங்கிட்ட வந்துருவே” என்றாள்.