அக்கா உட்கார்ந்து சாப்பிட்ட இடங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் அக்காவோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டிருப்பீர்கள். மீதிப் பேர், அவர் கண்ட இடங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றிப் பேசியிருப்பீர்கள். இரு தரப்பாரும் இன்று அக்காவின் வருஷப் பூசைக்கு வந்திருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் அம்மாவின் சார்பாகவும், அக்காவுக்கு ஒரே தம்பியான என் சார்பாகவும் வணக்கம்.

அக்கா சாந்தோமில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் பிறந்தவர். அப்பா மருந்துக் கடையில் கம்பவுண்டராக இருந்தார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த வருஷமே அப்பா விஷக் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்து என்ன என்று அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அக்கா டீச்சராவதற்கான உபாத்திமைப் பயிற்சிக்கு மனுப்போட்டு, இடமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சைதாப்பேட்டைக்குத் தினமும் போய்வர வேண்டும். காலைப் பூசை கண்டுவிட்டு, நீர்மோரைக் குடித்துவிட்டு ஓடுவார்.

அங்கேதான் அது நடந்தது. ஒருநாள் பயிற்சி வகுப்பில் அக்கா மயங்கி விழுந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா பதறிப்போய், "ஏன்டி, கையில காசு குடுத்தேனே, வாங்கித் துன்னக் கூடாதா?" என்று கேட்டார். அக்கா சுருட்டிய கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். காசு அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் சைதாப்பேட்டைக் கோர்ட்டுக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் நுழைந்திருக்கிறார். இருந்த ஆண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பரிமாறுகிறவர் வந்து, "பொம்பளைங்களுக்கு இங்க எடம் கெடயாதும்மா. பொட்டலம் கட்டித் தர்றேன், வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்றாராம். வீடு சாந்தோமில் இருக்கிறது. தெருவில் நின்று சாப்பிட முடியுமா? அக்கா பசியோடு வகுப்புக்குத் திரும்பிவிட்டார். அன்றைக்கு அவர் அழவில்லை. ஆனால் அந்தப் பொட்டலப் பேச்சை மட்டும் கடைசிவரை மறக்கவே இல்லை.

கோயில் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் வேலை கிடைத்தது. என்னைப் படிக்க வைத்தார். தமக்கென்று வந்த வரன்களை ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தார். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது நாங்கள் எங்கும் போகவில்லை, போவதற்கு ஊர் இல்லை என்பதுதான் காரணம். ஓடினவர்கள் திரும்பி வந்தபோது, அவர்களோடு வெளியூர்ப் பெண்களும் வந்தார்கள். டெலிபோன் ஆபீஸ், ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று வேலைக்கு வந்த பெண்கள். மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் ஒரு அறையை இரண்டு மூன்று பேராக வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது வீட்டுக்காரர்களின் சட்டம். அந்தப் பெண்கள் பன்னையும் வாழைப்பழத்தையும் தின்று நாளை ஓட்டுவதை அக்கா பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை. பட்டணத்தில் ஒரு பெண் தனியாகப் போய், உட்கார்ந்து, வீட்டுச் சாப்பாடுபோல வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வரக்கூடிய இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் கிளம்பிவிடுவார். துணைக்கு நான். அவர் பார்க்கும் விதம் எனக்குப் பெரிய தலைகுனிவு. எந்த ஓட்டலாக இருந்தாலும் முன்வாசலுக்குப் போகமாட்டார். பின்பக்கச் சந்துக்குப் போய், அங்கே குவிந்து கிடக்கும் எச்சில் இலைகளைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்து டீச்சர், வெள்ளைச் சேலை, கையில் குடை. அந்தக் குடை நுனியால் ஓர் இலையை விரித்துப் பார்த்து, "பொரியல மட்டும் ஒதுக்கி வச்சிருக்காங்க, காய் முத்தல்" என்பார். "சோறு மிஞ்சிக் கெடக்கு, கொழம்பு சரியில்ல" என்பார். இலை சுத்தமாக வழித்திருந்தால்தான் முன்வாசல். தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் நான் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவனைப் போல நிற்பேன்.

அப்படி அலைந்து கிடைத்தவைதான் மூன்று இடங்கள். தியாகராய நகர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயுடுவின் மிலிட்டரி ஓட்டல். இலைகள் பளிச்சென்று இருந்தன, ஆனால் உள்ளே பெண்களுக்கு இடம் கிடையாது. அக்கா நேரே கல்லாவுக்குப் போய், "அந்த மூலையில ஒரு தட்டி கட்டுங்க. பொண்ணுங்களை நான் கூட்டியாறேன்" என்றார். "தட்டி கட்டினா நாலு பேரு எடம் பூடும் நைனா" என்று நாயுடு என்னிடம் முறையிட்டார். அக்காவிடம் நேரில் மறுத்துப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் மூங்கில் தட்டி நின்றது.

மந்தைவெளியில் ஒரு மாமி இருந்தார். கணவரை இழந்தவர். பெரிய குடும்பத்துச் சமையல் அவர் தலையில் விழுந்திருந்தது. அதோடு சேர்த்து ஏழெட்டுப் பேருக்குச் சாப்பாடு போட்டு நாலு காசு பார்த்தார். ஆசாரம் கெட்டுவிடும் என்று எங்களைப் போன்றவர்களைக் கொல்லைத் தாழ்வாரத்தில்தான் உட்கார வைப்பார். எனக்கு அது சுருக்கென்றது. அக்காவுக்கும் சுருக்கென்றிருக்கும். ஆனாலும் அந்த மாமியின் மிளகு ரசத்துக்கு அக்கா வாரம் தவறியதில்லை. "உக்கார வைக்கிறாங்கல்ல, பொட்டலம் கட்டலியே" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜைத்தூன் பீயின் முற்றம். இதைக் கண்டுபிடித்தது இலையால் அல்ல, மூக்கால். பள்ளி விட்டுத் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போன அக்கா, கரி நெருப்பில் கறி சுடும் வாசனையைப் பிடித்துக்கொண்டே சந்து சந்தாக நடந்திருக்கிறார். ஜைத்தூன் பீயின் கணவர் தெருவில் வண்டி வைத்து ஆண்களுக்குக் கபாப் விற்பார். கொத்திய கறியைக் கம்பியில் பிடித்துச் சுடுவது உள்ளே, கோணிப் படுதாவுக்கு அப்பால், ஜைத்தூன் பீ. அந்தப் படுதாவைத் தாண்டி எந்த ஆணும் போகமுடியாது. அக்கா எட்டிப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, அங்கியே நின்னுக்கினு கீறீங்க? உள்ள வாங்க, உக்காருங்க" என்று பாயை விரித்தாராம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே அக்கா இத்தனை காலம் அலைந்தார்.

அன்று அக்கா சந்தோஷத்தில் வீட்டுக்கும் வாங்கிவந்துவிட்டார். புதினாவும் நெருப்பு மணமும் சேர்ந்து வீடே மணத்தது. மூவரும் தின்று முடித்துக் கைகழுவும்போதுதான் அம்மா நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ சேசுவே, இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி!"

சுத்தபோசன நாள். புலால் கூடாது. மறந்து தின்றதில் பாவமில்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தார், அம்மா கேட்கவில்லை. மறுநாள் பாவசங்கீர்த்தனம் பண்ணக் கோயிலில் வரிசையில் நின்றார். உள்ளே சாமியாரிடம் சொன்னது உள்ளேயே இருந்திருக்கும். வரிசையில் நின்றபடி பக்கத்துப் பெண்களிடம் சொன்னதுதான் வெளியே போயிற்று. அம்மாவின் ரகசியக் குரல் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள், டீச்சரம்மா கல்யாணமாகாத பெண்களைக் கூட்டிக்கொண்டு கபாப் கடைகளில் உட்காருகிறாள் என்பதாகக் கதை வளர்ந்து, பள்ளியின் மேனேஜரான சாமியாரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போய் வராந்தாவில் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"உன் நடத்தையில எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நாலு பேர் பாக்குற வேலையில இருக்கே. இத நிறுத்திடு" என்றார் சாமியார்.

"நிறுத்திடறேன் சாமி. அந்தப் பொண்ணுங்க எங்க போய்ச் சாப்புடும்னு மட்டும் சொல்லிடுங்க."

"வீட்டுல சாப்பிடட்டும்."

"வீடு திருச்சினாப்பள்ளியில இருக்கு சாமி. தூத்துக்குடியில இருக்கு. உங்களுக்குக் குசினிக்காரர் இருக்காரு. அதுங்களுக்கு யாரு இருக்கா?"

சாமியார் அக்காவை அனுப்பிவிட்டார். கோபப்படவில்லை. ஆனால் அந்த வருஷம் கீழ் வகுப்புகளின் தலைமை ஆசிரியை வேலை அக்காவுக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அது வேறொருவருக்குப் போயிற்று. அக்கா வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும், சனிக்கிழமை வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குக் கிளம்பினார். இந்த முறை அவர் பின்னால் ஐந்தாறு பெண்கள் போனார்கள்.

ரேஷன் இறுகிய காலத்தில் ஒன்று நடந்தது. புதிதாக ஓர் ஓட்டலைப் பார்க்கப் போயிருந்தோம். பின்சந்தில் கிடந்த இலைகள் அத்தனையும் துடைத்துவைத்ததுபோல் சுத்தம். "அக்கா, இங்க பிரமாதமா இருக்கும்" என்றேன். அவர் குடையால் இலைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பாகற்காய்த் துண்டுகூட மிச்சமில்லை. கறிவேப்பிலைகூட இல்லை.

"ருசிக்கு யாரும் கறிவேப்பிலையத் தின்னமாட்டாங்கடா. இது பசி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இலை பார்க்கவில்லை. இலையை வைத்து இனி ஒன்றும் சொல்லமுடியாது என்றார். 

யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, பிழைக்கமாட்டார் என்று சொன்னார்கள். பட்டணத்தில் எங்கே எது ருசி என்று விரல்நுனியில் வைத்திருந்தவருக்குக் கஞ்சித் தண்ணீரே தங்கவில்லை. சர்வேசுரன் எதற்காக அந்த இடத்தில் கைவைத்தார் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பூசை கண்டுவிட்டு வந்து இப்படி எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள்.

கடைசித் தைலம் பூசும் அவஸ்தைப் பூசுதல் ஆனபின், ஒரு பிற்பகலில் ஜைத்தூன் பீ ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கறியை மாவாக அரைத்து, வெண்ணெய்போலச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். திறந்ததும் அந்த மணம் அறையில் பரவியது. அக்கா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

அம்மா ஒரு விள்ளலைக் கிள்ளி அவர் வாயில் வைத்தார். "துன்னுடி கண்ணு. பாவம் என் மேல இருக்கட்டும்."

அக்கா அதை விழுங்கினாரா என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். ஜைத்தூன் பீ முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாள் விடியற்காலையில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியபோது வாசலில் நாயுடுவின் வண்டி நின்றது, அண்டா நிறையச் சோறும் குழம்பும். ஜைத்தூன் பீ கறி சேர்க்காமல் பருப்பு மட்டும் போட்டு தால்சா ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். சற்று நேரத்தில் மந்தைவெளி மாமி பித்தளைத் தூக்கில் ரசத்தோடு வந்து, வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, "ஆத்துக்குப் போய்க் குளிச்சுக்கறேன். அது என் பாடு. நீங்க எலையப் போடுங்கோ" என்றார். ஒருவரை ஒருவர் அதற்குமுன் பார்த்திராத மூன்று பேர். அக்காவால் அன்று எங்கள் வீட்டில் சந்தித்தார்கள்.

இலை போட்டதும் வழக்கம்போல ஆண்கள் உட்காரப் போனார்கள். காலையிலிருந்து பட்டினியாக நின்ற அந்த ஆபீஸ் பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். மூலையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"ஆம்பிளைங்க எந்திரிங்க. பொண்ணுங்க உக்காரட்டும். என் மக வூட்டுல ஒரு பொண்ணும் நின்னுக்கினு இருக்கக் கூடாது."

பெரியப்பா முதலில் எழுந்தார். பெண்கள் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் ஓய்ந்தபின் நான் கொல்லைப்புறம் போனேன். குப்பைத் தொட்டியில் இலைகள் கிடந்தன. துக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள், அளைந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த இலைகள் சுத்தமாக வழித்திருந்தன. பசியா, ருசியா என்று பார்த்துச் சொல்ல அக்கா இல்லை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் அழுதேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

அக்காவை இரவும் பகலும் கவனித்த நர்சுப் பெண்களுக்கும், கைராசிக்காரரான எங்கள் டாக்டருக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பாடலோடு வழியனுப்பிய கோயில் பாடகர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கூப்பிடாமலே வந்து மந்திரித்துக் குழியை அர்ச்சித்த மேனேஜர் சாமியாருக்கும் நன்றி. அன்று அவர் கண் கலங்கியதை அம்மா பார்த்திருக்கிறார். நாயுடு ஓட்டலின் மூங்கில் தட்டி இன்றும் இருக்கிறது, இப்போது இரண்டு தட்டிகள்.

இன்று சனிக்கிழமை, சுத்தபோசனம் இல்லை. ஜைத்தூன் பீ எங்கள் வீட்டுக் கொல்லையில் கரி மூட்டிக்கொண்டிருக்கிறார். அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும். முதல் பந்தி பெண்களுக்கு. ஆண்கள் அதுவரை நின்றுகொண்டு, பசியோடு, எங்கள் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.