ஆறு நாய்களும் காரில் விட்டுப்போன கொக்கியும்

அன்று நான் கையை விட்டிருக்க வேண்டுமா, கூடாதா? ஒரு வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை. கேட்டவள், அப்போது ஐந்து வயதான என் மகள். அதனால் தெரியாது என்று சொல்லி நழுவவும் முடியவில்லை.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியின் வடக்கு மூலையில், மலையும் காடுமான ஓர் ஊர். கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. என் விசாவில் நான் வேலை பார்க்க முடியாது. கெமிஸ்ட்ரியில் வாங்கிய எம்.எஸ்ஸி. சூட்கேஸில் இருக்கிறது. கார் லைசென்ஸ் டெஸ்டிலும் இரண்டு முறை தோற்றுவிட்டேன். அப்படிப்பட்டவள் பனியில் நாய் வண்டி ஓட்டுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அரிசி வாங்க, இந்தியக் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போனபோது, பழக்கமான ஒரு பெண்மணியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “கார் ஓட்டத் தெரியலை, நாய் ஓட்டுறியா? நாய்க்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்கல்ல!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்ணுக்கு என் வயதுதான். நர்ஸ். ஆறு ஹஸ்கி நாய்கள் வளர்க்கிறாள். பனிக்காலத்தில் அவற்றைச் சறுக்கு வண்டியில் பூட்டிக் காட்டுப்பாதையில் ஓட்டுவாள். என் மகள் எந்நேரமும் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகளை வீட்டுக்கு இழுத்துவரப் போய்ப் போய், ஒரு குளிர்காலத்தில் நானே மூன்று நாய்களை ஓட்டப் பழகிவிட்டேன். வண்டியின் பின்னால் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலால் பிரேக்கை அழுத்தினால் மூன்றும் நின்றுவிடும். எனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்ற குளிர்காலத்தில் அந்த நர்ஸ் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஓட்டமில்லாமல் நாய்கள் பகல் முழுக்க ஊளையிட்டன. ஆறையும் சேர்த்து நீ ஓட்டுவாயா என்று கேட்டாள். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது.

ஆறு நாய்கள் இழுக்கும்போது பிரேக் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். முழுக்க நிறுத்திவிட்டு இறங்க வேண்டுமானால், வண்டியோடு கட்டியிருக்கும் இரும்புக் கொக்கியைப் பனிக்குள் மிதித்து இறக்க வேண்டும். படகுக்கு நங்கூரம் மாதிரி. கொக்கி இறங்காமல் ஆள் இறங்கக் கூடாது என்பது முதல் பாடம். என்ன ஆனாலும் கைப்பிடியை விடக் கூடாது என்பது இரண்டாவது. ஆளில்லாத வண்டி பின்னால் முட்ட முட்ட நாய்கள் மிரண்டு ஓடும். எங்கள் பாதை ஓரிடத்தில் தார் ரோட்டை ஒட்டிப் போகிறது. அங்கே பனி தள்ளும் லாரிகள் வரும்.

சில நாள் தனியாக ஓட்டினேன். மகள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். வண்டியில் கொஞ்சம் பாரம் இருந்தால் துள்ளாது என்று நர்ஸும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாதை தொடங்கும் இடம்வரை கணவர் காரில் வந்தார்; கால் கட்டோடு நர்ஸும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மகளை வண்டியில் முன்னால் உட்காரவைத்து, கம்பளியால் கழுத்துவரை சுற்றினேன். கையுறையைச் சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். பழைய கயிறு நைந்துபோயிருந்ததால் கொக்கியைக் கழற்றிப் புதுக் கயிறு போட்டிருந்தோம். அதைத் திரும்ப வண்டியில் கட்டுவதற்காக எடுத்துவந்து எங்கள் கார் பானட்டின் மேல் வைத்தவள் நான்தான். கிளம்பும் நேரத்தில் ஆறு நாய்களும் போடும் கூச்சலில் மூளை வேலை செய்யாது. வண்டியை மரத்தில் கட்டியிருந்த முடிச்சை இழுத்தேன். பறந்தோம்.

பாதி வழியில் நடுவரிசை நாய் ஒன்றின் பின்னங்காலில் கயிறு சுற்றிக்கொண்டது. அது மூன்று காலால் நொண்டி ஓடியது. இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். பாதை அங்கே மேடு, பனியும் ஆழம். வண்டி எப்படியோ நின்றது. கொக்கிக்காகக் கையை நீட்டினேன். இல்லை.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரம்கூட இல்லை. பிரேக்கிலிருந்து இறங்கினால் மகளோடு வண்டி போய்விடும். இறங்காவிட்டால் நாயின் கால் அறுபடும். நான் அப்படியே நின்றேன். நாய் கத்திக்கொண்டிருந்தது.

“மம்மி, இட்ஸ் ஹர்ட்டிங்!” என்றாள் மகள்.

“தெரியுதும்மா. நீ எறங்காத.”

“ஐ கேன் ஹெல்ப்.”

“எறங்காதன்னு சொல்றேன்ல!”

கம்பளியை உதறிவிட்டு இறங்கிவிட்டாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் நாயின் அருகே போய்விட்டாள். அவள் கை பட்டதா, அதுவே உதறியதா தெரியாது, கயிறு கழன்றது. உடனே ஆறும் பாய்ந்தன. அவள் ஓரமாகப் பனியில் விழுவதைப் பார்த்தேன். அடுத்த கணம் அவள் எனக்குப் பின்னால் இருந்தாள்.

‘வோ, வோ’ என்று கத்தினேன். பிறகு “நில்லு, நில்லு” என்று தமிழில் கத்தினேன். எந்த நாயும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது சிவப்புக் குல்லாய் ஒன்று மட்டும் தெரிந்தது. அப்புறம் பாதை வளைந்துவிட்டது. என் கைகள் கைப்பிடியிலேயே இருந்தன. லாரியை நினைத்து, நாய்களை நினைத்து அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசை. எதையும் நினைத்த ஞாபகம் இல்லை.

பாதை சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரும். கணவர் ஓடிவந்து முன் நாய்களின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.

“கொழந்த எங்க?”

“மேட்டுல… விழுந்துட்டா… நிறுத்த முடியலைங்க.”

அவர் பாதையோடு ஓடினார். நானும் ஓட வேண்டும். ஆனால் நர்ஸ் ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கிவந்து வண்டியை மரத்தில் கட்டும்வரை பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும். மிதித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பானட்டின் மேல் கொக்கியைப் பார்த்தேன்.

அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் அழவில்லை. விழுந்த இடத்திலேயே எழுந்து நின்றிருந்தாளாம். கடையில் தொலைந்துபோனால் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, அம்மா வந்துவிடுவேன் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். வந்தது அப்பா.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மெல்லச் சொன்னார். “கொக்கிய நான் பாத்தேன். நீ கெளம்பின உடனே.”

“பாத்தீங்களா? பாத்துட்டுக் கூப்பிடலையா?”

“கெளம்புறவங்களப் பின்னாடிலேர்ந்து கூப்பிடக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

சொன்னேன். இரண்டாவது டிரைவிங் டெஸ்டுக்குக் கிளம்பும்போது அவர் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார், பாஸ்போர்ட்டை மறந்துவிட்டேன் என்று. தோற்றுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டேன். இன்ஜினீயரிங்கில் டாக்டரேட் வாங்கிய மனிதர், கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது?

அன்று சாப்பாட்டு மேஜையில், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது மகள் கேட்டாள். “ஒய் டிட்ன்ட் யூ லெட் கோ, மம்மி?”

கோபமாகக் கேட்கவில்லை. வானம் ஏன் நீலம் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். நீ செய்ததுதான் சரி, விட்டிருந்தால் நாய்கள் ரோட்டுக்குப் போயிருக்கும் என்கிறாள் நர்ஸ். அதன்பின் பார்க்கிங் லாட்டில் நடக்கும்போது மகள் என் கையைப் பிடிப்பதில்லை. என் கோட்டின் விளிம்பைத்தான் பிடித்துக்கொள்கிறாள். தான் பிடித்தால் தானே விடாமல் இருக்கலாம் என்று நினைக்கிறாளோ, அல்லது நான்தான் இல்லாததையெல்லாம் யோசிக்கிறேனோ.

நேற்று இந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. நர்ஸின் கால் தேறிவிட்டது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஓட்ட வேண்டும் என்கிறாள். மகள் இப்போதே குல்லாயைப் போட்டுக்கொண்டு வேலியில் நிற்கிறாள். தானும் வண்டியில் வருவாளாம். போகும்வழியில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள், நிச்சயம்.

இதைப் படிக்கும் தாய்மார்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். நாய் வண்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் அவளை ஏற்றிக்கொள்வதா, வேண்டாமா? ஏற்றிக்கொண்டால், நாய்களுக்காகத்தான் விடவில்லை என்று சொல்வதா, அல்லது அம்மாவின் கை விடவில்லை, ஏன் என்று அம்மாவுக்கே தெரியாது என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லலாமா?