அந்த "யாரு"ல நீ இல்லியா?

இணையம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பாடம் தயாரிப்பது சுலபம். நம்மை நம்பவைப்பதற்குத்தான் பாடமே கிடையாது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக டீச்சர்களே, வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதல் பாடம்

ரொம்ப யோசித்து, பாதுகாப்பைத்தான் முதல் பாடமாக வைத்தேன். "போனுக்கு வர்ற ஓடிபி நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க, யாரையும் நம்பாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்தினேன். வம்பை விலைக்கு வாங்கியது அங்கேதான்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் கணக்கு திறக்கும் பாடம். கரும்பு வெட்டப் போகும் பிலோமினா அக்காவின் புதுப் போனுக்கு ஓடிபி வந்தது. அதைத் தட்டத் தடுமாறினார். உதவலாமே என்று எட்டிப் பார்த்தேன். போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்துக்கொண்டார். "நீதான டீச்சர் சொன்ன, யார்கிட்டயும் சொல்லாதன்னு. அந்த யாருல நீ இல்லியா?"

கடவுச்சொல்

ஒருவழியாக அவரே தட்டி முடித்தார். அடுத்துத் திரை கடவுச்சொல் கேட்டது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'கடவு' கடவுளாகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு போடுங்கக்கா, பங்குச் சாமியாருக்குக்கூடத் தெரியக்கூடாது" என்று உற்சாகமாகச் சொல்லி வைத்தேன். பக்கத்துப் பெண்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடவுள் சொல்லு சாமியாருக்கே தெரியக்கூடாதா? உண்மையச் சொல்லு, நீ எந்த சபைக்கு ஆள் புடிக்க வந்த?"

எனக்கும் சந்தேகம்

அங்கே 'ள்' இல்லை என்று திரையைக் காட்டிச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இவ்வளவு சந்தேகப்படுகிறவர் ஒரு வகுப்பையும் விடாமல் வருவானேன்? கேட்டேவிட்டேன்.

கூடம் காலியானதும் சொன்னார். புருஷன் குவைத்தில். கிளம்பும்போது இருவருக்கும் சண்டை. அதன்பின் அவர் வீட்டுக்குப் பேசுவதெல்லாம் தன் தம்பியின் போனில்தான். அக்கா கேட்டால், "அண்ணன் உங்கூட பேச மாட்டாராம்" என்பானாம். லீவில் வந்த ஊர்க்காரரிடம் புருஷன் நம்பரை வாங்கி வைத்திருந்தார் அக்கா. "பேச மாட்டேன்னா அவரு வாயால சொல்லட்டும். கொழுந்தன் வாயால எனக்கு வேணாம்."

நிஜமான பிலோ

மின்னஞ்சலை மூட்டை கட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். "நான் பிலோ பேசறேன்" என்று மட்டும் அனுப்பினார். பதில் வந்தது: "யாரு நீ? பொம்பள குரல்ல ஏமாத்தறியா? அவளுக்கு போனே புடிக்கத் தெரியாது. நெசமா பிலோன்னா, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லு."

நானே விளக்கிவிடலாம் என்று போனுக்குக் கை நீட்டினேன். அக்காவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, இதானா கடவுச்சொல்லு! நீ அந்தாண்ட போ டீச்சர்" என்று என்னை வாசலுக்கு விரட்டிவிட்டு, போனில் என்னவோ கிசுகிசுத்தார். அடுத்து வந்த குரல் வாசல்வரை கேட்டது. அந்த மனுஷர் அழுதுகொண்டிருந்தார். "பிலோ! நீ எங்கூட பேசவே மாட்டேன்னுட்டன்னுதானடி தம்பி சொன்னான்!"

'யாரையும் நம்பாதீர்கள்' என்பதுதான் இன்றும் என் முதல் பாடம். அந்த 'யாரு'வில் நானும் ஒருத்தி என்பதில் வருத்தமில்லை, அந்தக் கொழுந்தனோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.