கையுறை வரைக்கும் வந்த தாதி

தாதியர் பட்டத்தை விரைவுப் படிப்பில் இரண்டே ஆண்டில் முடித்தேன். போன மருத்துவமனைகளெல்லாம், "அனுபவம் இல்லையே" என்று திருப்பி அனுப்பின.

இன்று செனாவாங் ஊரிலுள்ள கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். காற்றடைத்து ஓட்டை பார்க்கும் வேலை. அம்மா தோட்டத்தில் வெட்டும் பால்மரத்து ரப்பர்ப் பால்தான் இங்கே கையுறையாகிறது.

பக்கத்தில் நின்றவள் மயங்கி விழுந்தாள். காலைத் தூக்கிவைத்து, நாடி பார்த்து, தெளியவைத்தேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "நீ நர்ஸா? நல்லதா போச்சுலா! இனிமே யாரு விழுந்தாலும் நீயே பாத்துக்க."

"அப்ப எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் குடுப்பீங்களா சார்?"

"ஏன் குடுக்காம? கையுறை செக்கர்னு எழுதித் தரேன்."

இந்தக் கையுறைகள் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியில் ஆள் எடுத்தால் யாராவது சொல்லுங்கள். கையுறைகள் முதலில் வந்துவிடும். கையுறை அனுபவத்தோடு நான் பின்னால் வருகிறேன்.