மாப்பிள்ளையின் கொம்பனிக்குப் பொருத்தம் பார்த்தது

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு லண்டன் வெம்பிளியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை சாப்பாட்டு மேசையில் கிடந்த ஐந்து தடித்த கடதாசிக் கட்டுகள். ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் சந்தனம் தொட்டு வைத்திருந்தது. பக்கத்தில் அக்கா மகளின் சாதகமும் மாப்பிள்ளையின் சாதகமும் இருந்தன. அவற்றிலும் சந்தனம். கட்டுகள் மாப்பிள்ளை வேலை செய்யும் நிறுவனத்தின் ஐந்து வருட ஆண்டறிக்கைகள்.

அக்காவின் மகளுக்கு அந்த இளைஞனை இரண்டு வருடமாகத் தெரியும். கட்டினால் அவரைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அத்தான் மறுக்கவில்லை, முறைப்படி செய்வோம் என்றார். சாதகம் பொருந்தியது. ஆர்ச்வே கோயிலுக்கு வருபவர்களில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்களிடம் ஊர், உறவு, குடி, கடன் எல்லாம் விசாரித்தார்கள். குறையில்லை. இனி நாள் வைக்க வேண்டியதுதான் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில் அத்தானுக்கு ஒரு நியாயம் தோன்றியது. மாப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். ஆகவே நிறுவனமும் ஒரு வகையில் சம்பந்தி. சம்பந்தியை விசாரிக்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை.

விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பல வருடம் வணிகப் பக்கம் பார்த்தவன். அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் தங்கத்தின் விலையும் நகைக்கடை விளம்பரமும் வந்தன. இதை அத்தானிடம் சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கிறது. மாப்பிள்ளை அதன் கணக்குப் பகுதியில் இருக்கிறார். அக்காவுக்கு நிறுவனம் பதிவான நாள் தெரிந்திருந்தது. ஆனால் நேரம் தெரியாமல் சாதகம் கணிக்க முடியாது என்று சாத்திரியார் போனில் சொல்லிவிட்டதால் அந்த வழி அடைபட்டிருந்தது.

அத்தான் எனக்கு முன்னரே, காசு வந்ததையும் போனதையும் காட்டும் காசோட்ட அறிக்கையை வாசித்து, அடைப்புக்குறிக்குள் இருந்த தொகைகளுக்கெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார். அவை வெளியில் சொல்லாமல் ஒதுக்கி வைத்த காசு என்பது அவருடைய எண்ணம். அவ்வளவு காசை ஒதுக்கி வைக்கும் இடத்தில் பெண் கொடுக்கலாம் என்று அக்காவிடம் சொல்லியும் இருந்தார். அடைப்புக்குறிக்குள் இருப்பது வெளியே போன காசு என்று நான் சொன்னேன். அவர் மஞ்சள் பேனையின் மூடியைப் போட்டார்.

பிறகு ஐந்து வருடத்தையும் வரிசையாகப் பார்த்தோம். இலாபம் வருடா வருடம் கூடியிருந்தது. வியாபாரத்தால் கைக்கு வந்த காசு முதல் இரண்டு வருடம் அப்படியே நின்று, பிறகு இறங்கியிருந்தது. சாமான் கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுப்பதைத் தள்ளிப்போட்டிராவிட்டால் அதுவும் இருந்திராது. நாலாம் வருடம் களஞ்சியங்களை விற்றிருந்தார்கள். ஐந்தாம் வருடம் பெரிய கடன். இத்தனைக்கும் பங்குதாரருக்குக் கொடுத்த ஆதாயப்பங்கு ஒரு வருடமும் குறையவில்லை. கடைசி வருடம் கொஞ்சம் கூடியுமிருந்தது.

அத்தான் வெம்பிளியில் பலசரக்குக் கடை நடத்துகிறவர். சாமான் கொடுத்தவர்களுக்குப் பிந்திக் கொடுப்பதில் தான் ஒரு பிழையும் காணவில்லை என்றார். மற்றதைக் கேட்டுவிட்டுக் கட்டை மூடிவைத்தார்.

"ஹரோவிலை சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிச்சவையெல்லே, அவையின்ரை கதைதான் மச்சான் இது."

அந்தக் குடும்பத்தை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு அவளை மண்டபத்துப் புல்வெளியில் ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்காக வீட்டை இரண்டாம் முறை ஈடு வைத்தார்கள். அன்று முழுக்க அத்தான் ஆதாயப்பங்கை ஹெலிகொப்டர் என்றே சொன்னார். மாலையில் முடிவும் சொன்னார்: இது சரிவராது.

அக்காவின் மகள் குசினி வாசலில் நின்றாள். "அப்பா, நான் கட்டப் போறது கொம்பனியை இல்லை."

"சோறு போடப் போறது கொம்பனிதானே பிள்ளை."

"நானும் கவுன்சிலிலை வேலை செய்யிறன்."

"உன்ரை கவுன்சிலின்ரை கணக்கு இதைவிட மோசம்."

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, ப்ளீஸ். ஓகே எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ." ஐந்து வருடக் காசோட்டத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள் இப்படிப் பல காலம் ஓடும் என்றேன். ஹெலிகொப்டரும் ஓடும்தான் என்றார் அத்தான்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்து வருவதாக ஏற்கெனவே பேச்சு. வரவேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை என்று அக்கா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தாய் தகப்பனோடு வந்தார். தகப்பன் நெடுங்காலம் பெற்றோல் நிலையம் நடத்தி ஓய்ந்தவர். வடை வந்தது, தேநீர் வந்தது. அத்தான் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு, தம்பி ஏன் நாலாம் வருடம் களஞ்சியங்களை விற்றீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். முதலில் பதில் சொன்னவர் தகப்பன். "எங்கடை பக்கத்திலை வித்த சொத்து ஒண்டும் இல்லை. வடிவா விசாரிச்சுப் பாருங்கோ."

அத்தான் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தகப்பன் சந்தனத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார், வெளியிட்ட அறிக்கையில் இருப்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தனக்கு அனுமதி இல்லையென்று.

"வீட்டுக்காரருக்குமோ?" என்றார் அத்தான்.

"ஓம் அங்கிள். கலியாணம் முடிஞ்சாலும் ஏலாது."

அக்காவின் மகள் கூரையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய், வடை மெத்தென்று வந்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார்.

தகப்பன் ஒரு கட்டை எடுத்துப் புரட்டினார். கோபம் தெரியவில்லை. "எங்களுக்கு இப்பிடி ஒரு முறை இருக்கெண்டு தெரியாமல் போச்சு. நல்ல முறைதான். அப்ப உங்கடை கடையின்ரையும் ஒரு அஞ்சு வருசத்தைத் தாங்கோவன். எங்கடை மகன் வாசிப்பான். அவன்ரை வேலையே அதுதானே."

மாப்பிள்ளை, தனக்கு நேரம் இருக்கிறது என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கு அவருடைய கடையைத் தெரியும். எந்தக் காசு பெட்டிக்குள் போகிறது, எது காற்சட்டைப் பைக்குள் போகிறது என்பதும் தெரியும். நான் வடை எடுத்தேன். அத்தான் ஐந்து கட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, கதிரைக்குக் கீழே வைத்தார்.

"கணக்கு எங்கை ஓடப் போகுது," என்றார். "அதைப் பிறகும் பாக்கலாம். முதல்லை நாளை வைப்பம்."

அக்கா நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு ஆவணி விருப்பம். அத்தான் அதற்கு முன்னரே வைத்தாலும் நல்லது என்றார். ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை. தை மாதம் ஒரு புதன்கிழமை கலியாணம் நடந்தது.