இறங்கியதைப் பூட்டி வைத்தேன்

1. தை மாதம், மூன்று வருடச் சேமிப்பைப் போட்டு மூன்று கம்பெனிப் பங்குகள் வாங்கினேன். ஒன்று பம்ப் மோட்டார், ஒன்று சோப்பு, ஒன்று நூல் மில்.
2. பங்குனியில் மோட்டாரும் சோப்பும் ஏறின. இரண்டையும் விற்றேன்.
3. நூல் மில் இறங்கியது. விற்ற பணத்தையும் அதிலேயே போட்டேன்.
4. அது மேலும் இறங்கியது.
5. மதுரையில் எம்.இ. படிக்க இடம் கிடைத்தது. கட்டணம் கட்டப் பத்து நாள் அவகாசம். பணம் முழுக்க நூல் மில்லில் இருந்தது.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறேன். அதனால் நூல் தொழில் தெரியும் என்று நினைத்துவிட்டேன். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பஸ்ஸில் தினமும் பேச்சு வேறு.

பங்குச்சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு விலை மாறாது. தெரிந்தும், பஸ்ஸில் வீட்டுக்கு, பாலவனத்தம் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை போனை எடுத்துப் பார்ப்பேன். சாப்பிடும்போது ஒரு தடவை. பல் தேய்க்கும்போது ஒரு தடவை.

ஆறாம் நாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தமல்லி விதை வியாபாரி. கொல்லையில் குடோன்.

"வாங்குன விலை கீழ போயிருச்சாக்கும்? அப்ப பூட்டிப் போடு, ஆத்தா. போன வருச மல்லி நாப்பது மூடை ஏன் உள்ள கெடக்கு?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "மல்லி விக்கலேன்னா கொழம்புல போடலாம். இத இவ எதுல போடுவா?"

"நட்டத்துக்கு வித்தா யாவாரமா அது?"

"ஆமா, அந்த நாப்பது மூடையில எலிக்குத்தான் லாபம்."

அப்பா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் செய்திருந்ததும் அப்பாவின் வழக்கம்தான்: ஏறினால் விற்பது, இறங்கினால் பூட்டுவது. மல்லிக்கு அது சரி. விலை இறங்கினால் அடுத்த புரட்டாசியில் பலரும் விதைக்க மாட்டார்கள். வரத்து குறையும், விலை ஏறும். பங்குக்கு விதைப்பு கிடையாது. இறங்கிய கம்பெனி இறங்கியபடியே கிடக்கலாம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை முதன்முறையாகப் படித்தேன். வாங்கும் முன் படித்திருக்க வேண்டியது. கடன் வருடாவருடம் கூடியிருந்தது. வட்டி லாபத்தைத் தின்றிருந்தது. ஒரே கேள்வியைத் தாளில் எழுதினேன்: இது என்னிடம் இல்லாதிருந்தால், இன்றைய விலைக்கு வாங்குவேனா? அடியில் 'மாட்டேன்' என்று எழுதினேன். அப்புறமும் இரண்டு நாள் விற்கவில்லை. நாளை ஏறிவிட்டால் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, சந்தை திறந்ததும், லேத் சத்தத்துக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் விற்றேன். பணம் கணக்குக்கு வர ஒரு நாள் ஆகும். அதைக் கணக்குப் பண்ணித்தான் ஒன்பதாம் நாள்.

அப்பா இரவு ஒன்றே ஒன்று கேட்டார்: "வித்துட்டியா?"

"வித்துட்டேம்ப்பா."

"சரி." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு குடோன் பக்கம் போனார்.

இப்போதைய நிலை: கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. விடுதிக்குப் பணம் இல்லை. தினமும் பஸ்ஸில் மதுரை போய் வரப் போகிறேன். என்னிடம் பங்கு எதுவும் இல்லை. நூல் மில் நான் விற்றதற்குப் பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. மல்லி மூட்டைகள் குடோனில்தான் இருக்கின்றன.