மெலிந்த முனை

மோகனாவின் இடது கண்ணைப் பறித்தவள் நான்.

ஊரறிந்த கதை வேறு. என் கணவர் சுதாகரின் கையிலிருந்த ஈட்டி பட்டுத்தான் அவள் பார்வை போயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள். சுதாகரும் அப்படித்தான் நம்புகிறார். நான் மட்டும் உண்மையை உள்ளே வைத்துக்கொண்டு, சிட்லபாக்கத்தில் அவரோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு வாழ்கிறேன். உங்களிடம் இதைச் சொல்லத் துணிகிறேன்... உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் வந்த துணிவு இது.

எங்கள் விளையாட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வளர்ந்தவர்கள் ஆடும் வேடவிளையாட்டு அது. ஒரு கதையை வகுத்துக்கொண்டு, ஒருவர் தளபதி, ஒருவர் ஒற்றன், ஒருவர் காவலாள் என்று உடையணிந்து ஒரு பகல் முழுதும் அந்த ஆளாகவே இருப்போம். யார் வெல்வார் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. சண்டை மூண்டால் ஃபோமில் செய்த வாளும் ஈட்டியும். ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டி நண்பர் ஒருவருக்கு இருந்த காலி மனைதான் போர்க்களம். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த எங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை!

ஆயுதங்களைச் செய்தவள் நான். நடுவில் ஃபைபர் கம்பி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபோம், மேலே பெயின்ட். கண்ணுக்கு இரும்பு, மேலே பட்டால் தலையணை. முனையில்தான் எல்லாமே இருக்கிறது. கம்பியின் நுனி ஃபோமைத் துளைத்துக்கொண்டு வரக் கூடாது. அதற்காக நுனியில் ரப்பர் மூடி மாட்டி, அதன்மேல் ரெக்சின் துண்டு ஒட்டி, பிறகு மெத்தென்ற ஃபோமைத் தடிமனாக வைக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு முனையையும் என் உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பேன். கம்பி தட்டுப்பட்டால் அந்த ஆயுதம் களத்துக்குப் போகாது. அந்தச் சோதனையையும் என்னிடமே விட்டிருந்தார்கள்.

திருமணமான புதிதில் சுதாகர் ஓர் ஈட்டி கேட்டார். செய்து முடித்துப் பார்த்தேன். முனை கத்தரிக்காய் போல உப்பிக்கொண்டு நின்றது. நான் செய்த வாள்களை ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்து வியப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. இதைப் பார்த்தால் சிரிப்பார்களே...

முனையைப் பிரித்தேன். ரப்பர் மூடியைக் கழற்றினேன். ரெக்சினை உரித்தேன். ஃபோமைச் சீவிச் சீவி இலைபோல மெலிய வைத்து, வெள்ளி நிறம் பூசினேன். என்ன அழகாக இருந்தது!

தெரியாமலா செய்தேன்? இல்லை. ஆட்டத்தன்று காலை, வேறொருவர் செய்து எடுத்துவந்த கதாயுதத்தை அழுத்திப் பார்த்து, இது ஆகாது என்று ஓரமாகப் போட்டேன். சுதாகரின் ஈட்டி வந்தபோது மட்டும் அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன தட்டுப்படும் என்று எனக்குத் தெரியும். சரியாக இருக்கிறது என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். பார்த்தவர்கள் அதன் அழகைப் புகழ்ந்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மோகனா என் கல்லூரித் தோழி. அவளை இந்த ஆட்டத்துக்கு அழைத்து வந்தவளும் நானே. அன்று அவள் எதிர்ப்படையின் காவலாள். சுதாகர் அவள் தோளைக் குறிவைத்து மெதுவாகத்தான் நீட்டினார். அவள் விலகுவதற்காகக் குனிந்தாள், கால் சறுக்கியது, முகம் முனைக்கு நேரே வந்துவிட்டது. நான் முறைப்படி செய்திருந்தால் கண்ணோரம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அவ்வளவுதான்.

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்துக்கு விரைந்தார்கள். பொருள்களை எடுத்துவைத்துவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். ஈட்டி புல்லில் கிடந்தது. கம்பியின் நுனி ஃபோமைக் கிழித்து வெளியே தெரிந்தது. என் தோழி ரத்தத்தோடு போய்க்கொண்டிருக்கிறாள்... நான் பையில் கத்தரிக்கோலைத் தேடுகிறேன்! முனையை முழுதாக அறுத்தெடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டேன். இப்படி ஒருத்தியை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

கண்ணில் கட்டோடு மோகனா படுத்திருந்தாள். சுதாகர் அவள் கால்மாட்டில் நின்று அழுதார்.

"அழாதீங்க சுதாகர். நான் குனிஞ்சேன், நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் நிறுத்தியிருக்கணும் மோகனா. ரேவதி எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சா... என் கைதான் சரியில்ல."

இருவரும் குற்றத்தைத் தங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சுதாகர் ஆட்டத்துக்கு வரவே இல்லை, பைக்கையும் தொடவில்லை. மகள் பிறந்தபோது அவளைத் தூக்கவே வெகுநாள் தயங்கினார். இன்றும் ரோட்டைக் கடக்கையில் அவள் விரலைப் பிடிப்பார், அழுத்திப் பிடிக்கமாட்டார். தன் கைகளைத் தானே நம்பாத ஒரு மனிதனை நான் உண்டாக்கி வைத்திருக்கிறேன்!

மோகனாவோ ஒற்றைக் கண்ணோடு மறுபடியும் ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். இப்போது நான் செய்யும் எல்லா முனைகளிலும் மூடி இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் அவள், ரேவதி செய்தது என்றால் பயப்படவே வேண்டாம் என்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் தானே டீயை ஊற்றிக்கொள்வாள். தூரம் பிடிபடாமல் டீ டம்ளருக்கு வெளியே வழியும். நான் துடைப்பேன்.

சொல்லிவிட நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். முதலில் தோழியை இழப்பேனே என்று அஞ்சினேன். குழந்தை பிறந்தபின் கணவரை இழப்பேனே என்று அஞ்சினேன். இப்போதோ, இத்தனை ஆண்டுகள் அவரை ஏன் இப்படி வாடவிட்டாய் என்று கேட்பார்களே என்று அஞ்சுகிறேன். மௌனமாக இருந்த ஒவ்வொரு நாளும் முதல் குற்றத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்...

இன்னும் கீழான ஒன்று உண்டு. சுதாகரைத் திரும்ப அழைத்து வரச்சொல்லி மோகனா என்னிடம் பலமுறை கேட்டாள். அவர் மனசு தாங்காது என்று தட்டிக்கழித்தேன். பொய்! அவர் வந்தால் முனை கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பார். மூடியைப் பார்ப்பார். அந்த ஈட்டியின் முனை ஏன் அவ்வளவு மெல்லியதாக இருந்தது என்று யோசிப்பார்.

சென்ற வாரம் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அவளுக்கு ராணி வேடம், வாள் வேண்டுமென்றாள். நான் ஹாலில் ஃபோமை வெட்டிக்கொண்டிருந்தேன். சுதாகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக ஃபோமைத் தொட்டுப் பார்த்தார்.

"ரேவதி, இதை நான் செய்யட்டுமா? முனையை எப்படிக் கட்டணும்னு மட்டும் காட்டு."

அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. அதைத்தானே இவ்வளவு காலம் நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்? வாயைத் திறந்தேன். நான் சொன்னது இது:

"வேணாங்க. உங்க கையில வேணாம்."

அவர் கோபப்படவில்லை. ஃபோமைக் கீழே வைத்தார்.

"நீ சொல்றது சரிதான்" என்றார்.

போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கையில் அழுக்கு ஏதும் இருக்கவில்லை.

வாளை நானே முடித்தேன். மகள் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடினாள். "வாப்பா, சண்டை போடலாம்."

"அம்மாகூட விளையாடு கண்ணு" என்றார்.

நான் எழுந்தேன். சுருட்டிய ஃபோம் ஒன்றை எடுத்துக்கொண்டு மகளோடு சண்டையிட்டேன். அவர் சுவரோரமாக நின்று, யாருக்கும் அடிபட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.